பின்வரிசையில் ஓர் உஸ்தாத்: உறைவிட மதரஸாவில் கூட்டு மேற்பார்வை

பகல்நேரப் பள்ளியின் ஆசிரியர் மாலை மணி அடித்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். இந்தோனேசியாவின் உறைவிட மதரஸாவான பெசந்த்ரெனின் உஸ்தாத் எங்கும் போவதில்லை. ஸுப்ஹுக்குப் பிள்ளைகளை எழுப்புவது, காலையில் நஹ்வு நடத்துவது, மஃரிபுக்குப் பிறகு குர்ஆன் ஓதவைத்துக் கேட்பது, இரவு விளக்கணைத்து அறை அறையாகத் தலை எண்ணுவது எல்லாம் ஒரே ஆள்தான். பல இடங்களில் அந்த ஆளுக்கு வயது பத்தொன்பதோ இருபதோ. போன வருடம் வரை அவரும் அதே அறையில் பாய் விரித்துப் படுத்த மாணவர். இவரை யார் மேற்பார்வை செய்வது, எப்படிச் செய்வது, செய்த பிறகு எப்படிப் பேசுவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

உதாரணங்கள் எல்லாம் இந்தோனேசியாவிலிருந்து, பெரும்பாலும் ஜாவாவிலிருந்து. அரசுக் கணக்கில் சுமார் 40,000 பெசந்த்ரென்கள் உள்ள நாடு அது. ஹாஷிம் அஷ்அரி 1899-இல் ஜொம்பாங் அருகே தொடங்கிய தெபுஇரெங் போன்ற நூறாண்டு கடந்த நிறுவனங்களும் அங்கே உண்டு. நேற்று பலகை மாட்டியவையும் உண்டு. ஆசிரியர் மேற்பார்வையில் சரியாகச் செய்தால் என்ன கிடைக்கும், தப்பாகச் செய்தால் என்ன நடக்கும் என்ற இரண்டையும் அங்கே பார்க்கலாம். அரபுக் கல்லூரியோ ஹிஃப்ளு மதரஸாவோ நடத்தும் தமிழ் வாசகர்கள் பெயர்களை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்: கியாய் என்ற இடத்தில் பெரிய ஹஜ்ரத், சந்த்ரி என்ற இடத்தில் விடுதி மாணவர்.

யார் யாரைப் பார்ப்பது

பெசந்த்ரென் பற்றிய 2019-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் சட்டம் ஒரு பெசந்த்ரெனுக்கு ஐந்து உறுப்புகளைச் சொல்கிறது: கியாய், அங்கேயே தங்கிப் படிக்கும் மாணவர்கள், விடுதி, பள்ளிவாசல், கிதாபுப் பாடம். ஆசிரியர்கள் இந்த ஐந்தில் தனியாக இல்லை. சட்டத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நிலைமை அப்படித்தான் இருக்கிறது. மரபான பெசந்த்ரெனில் உஸ்தாத் என்பவர் கியாயின் கை நீட்சி. கியாயே நிறுவனர், பல இடங்களில் நிலத்தின் சொந்தக்காரர், இமாம், மூத்த ஆசிரியர். சில உஸ்தாதுகளுக்கு மாமனாரும் அவரே.

இப்படிப்பட்ட வீட்டில் மேற்பார்வை என்றாலே மேலிருந்து கீழே வரும் சொல் என்றுதான் பொருள்படும். கியாய் வராந்தாவில் நடந்துபோகிறார், வகுப்பில் சத்தம் கேட்கிறது, இஷாவுக்குப் பிறகு கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்கிறார், உஸ்தாத் தலைகுனிந்து கையை முத்தமிட்டுவிட்டு வருகிறார். திருத்தம் நடந்ததா? அன்றைக்குச் சத்தம் அடங்கும். ஏன் சத்தம் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஆசிரியர் மேற்பார்வை பற்றி எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் கார்ல் கிளிக்மன் அணுகுமுறைகளை இப்படிப் பிரித்தார்: கட்டளையிடுவது, தகவல் தந்து தேர்ந்தெடுக்கச் சொல்வது, சேர்ந்து முடிவெடுப்பது, ஆசிரியரிடமே விட்டுவிடுவது. ஆசிரியரின் முதிர்ச்சியைப் பார்த்து இவற்றில் ஒன்றை எடுக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். பெசந்த்ரெனுக்கு இதை அப்படியே கொண்டுவரும்போது ஒரு சிக்கல் வருகிறது. முதல் வருட உஸ்தாத் பத்தொன்பது வயதுக்காரர். அவரிடமே விட்டுவிட்டால் தன் பழைய உஸ்தாதைப் பார்த்துக் கற்ற அத்தனை பிழைகளையும் திரும்பச் செய்வார். கட்டளையோ ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. ஆகவே என் ஆலோசனை: முதல் ஆறு மாதம் தெளிவான தகவலும் இரண்டு மூன்று வழிகளும் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதன்பின் சேர்ந்து முடிவெடுங்கள். பத்து வருடம் ஓதிக்கொடுத்த மூத்தவரிடம்கூட ‘உங்கள் விருப்பம்’ என்று விட்டுவிடாதீர்கள். அது மரியாதை போலத் தெரியும், உள்ளே கைகழுவலாக இருக்கும்.

மேற்பார்வையாளர் யார்? கியாய் வேண்டாம். அவர் வகுப்பின் வாசலில் நின்றாலே பாடம் மாறிவிடும். பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஐந்தாறு வருடம் அனுபவமுள்ள மூன்று நான்கு உஸ்தாதுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து பேருக்கு மேல் ஒப்படைக்காதீர்கள். சம்பளத்தையோ பதவியையோ தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கக்கூடாது. அந்த அதிகாரம் இருந்தால் பேச்சு தேர்வாகிவிடும். தேர்வில் யாரும் தன் ஓட்டையைக் காட்டமாட்டார்கள்.

பாடத்துக்கு முன்னால் பத்து நிமிடம்

கிழக்கு ஜாவாவின் பொனொரோகோ அருகே கொந்தோர் என்ற ஊரில் 1926-இல் அஹ்மத் ஸஹல், ஸைனுத்தீன் ஃபனானி, இமாம் ஸர்காஷி என்ற மூன்று சகோதரர்கள் ஒரு பெசந்த்ரெனைப் புதுப்பித்துத் தொடங்கினார்கள். 1936-இல் அங்கே ஆசிரியர் பயிற்சியை மையமாக வைத்த ஆறாண்டுப் படிப்பு வந்தது. படித்து முடித்தவர் ஒரு வருடம் கற்பித்தோ வேறு பணி செய்தோ சேவை முடித்தாக வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். அதனால் ஒவ்வொரு வருடமும் புது ஆசிரியர்கள் கூட்டமாக வந்து சேர்கிறார்கள். அவர்களைச் சமாளிக்கக் கொந்தோர் கைக்கொண்ட கருவிதான் இஃதாத்.

இஃதாத் என்றால் பாடக் குறிப்பு நோட்டு. வகுப்புக்குப் போகுமுன் உஸ்தாத் அதை எழுதி மூத்தவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். கையெழுத்து இல்லாமல் வகுப்பு இல்லை. இறுதி வருட மாணவர்களுக்கும் இதே ஒழுங்கு உண்டு. ஒருவர் பாடம் நடத்துவார், சக மாணவர்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். பிறகு பாடப்பொருள், மொழி, முறை, ஆசிரியரின் நடை உடை பாவனை என்று பகுத்து எல்லாரும் விமர்சிப்பார்கள். இதற்கு நக்து என்று பெயர். பதினெட்டு வயதில் நண்பனின் பாடத்தை முகத்துக்கு நேரே விமர்சிக்கவும், தன் பாடத்தைப் பற்றிய விமர்சனத்தை உட்கார்ந்து கேட்கவும் பழகியவர், இருபத்தைந்து வயதில் மேற்பார்வையாளரைக் கண்டு நடுங்கமாட்டார். என்னைக் கேட்டால் கொந்தோரிடம் கற்கவேண்டிய முதல் விஷயம் இந்த நக்துதான். இஃதாத் நோட்டு இரண்டாவது.

ஆனால் இஃதாதைப் பார்த்து மற்றவர்கள் எடுத்துக்கொண்ட இடங்களில் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது கையெழுத்து மட்டும். ஸுப்ஹுக்குப் பிறகு அலுவலக வாசலில் நோட்டுகளோடு வரிசை. மூத்தவர் பக்கத்தைப் புரட்டாமலே சுழித்துத் தள்ளுகிறார். இதைச் சரிசெய்ய ஒரே ஒரு கேள்வி போதும். கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: ‘இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள்?’ உஸ்தாத் சொல்லும் பதிலை நோட்டின் கீழே ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பதில் தெரியாவிட்டால் அவர் பாடத்தைத் தயாரிக்கவில்லை, பக்கத்தை நகலெடுத்திருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் ஒருவருக்குப் பத்து நிமிடம் இப்படிச் செலவழித்தால், தினமும் கையெழுத்துப் போடுவதைவிடப் பலன் அதிகம்.

பின்வரிசையில் உட்கார்ந்து

1960-களில் ஹார்வர்டில் மோரிஸ் கோகன், ராபர்ட் கோல்ட்ஹாமர் ஆகியோர் உருவாக்கிய மேற்பார்வை முறைக்கு ஒரு சுழற்சி உண்டு: முன்பேச்சு, வகுப்பைப் பார்ப்பது, பார்த்ததை அலசுவது, பின்பேச்சு, கடைசியில் மேற்பார்வையாளர் தன்னையே அலசிக்கொள்வது. முறை நல்லது. ஆனால் அந்த முறை எதிர்பார்த்த வகுப்பறை மேசை நாற்காலி போட்ட வகுப்பறை. பெசந்த்ரெனில் ஒரே நாளில் நான்கு விதமாகப் பாடம் நடக்கிறது. நான்குக்கும் ஒரே படிவத்தை எடுத்துக்கொண்டு போகிற மேற்பார்வையாளர் நான்கிலும் எதையும் பார்க்கமாட்டார்.

பந்தொங்கான் என்பது ஆசிரியர் கிதாபை வாசித்துப் பொருள் சொல்லிக்கொண்டே போக, நூறு பேரானாலும் கேட்டு எழுதிக்கொள்ளும் முறை. இதில் ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அவர் ஒன்றரை மணி நேரம் தலை நிமிராமல் வாசிப்பார். பார்க்கவேண்டியது மாணவர்களின் கிதாபு ஓரங்களை. நம் அரபுத்தமிழைப் போல ஜாவா மொழியை அரபு எழுத்தில் எழுதும் பெகோன் என்ற வழக்கில், மாணவர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே சாய்வாகப் பொருள் எழுதுவார்கள். முப்ததாவுக்கு மீம், கபருக்குக் கா, ஃபாயிலுக்கு ஃபா என்று இலக்கண அடையாளமும் இடுவார்கள். பாடம் முடிந்ததும் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஐந்து கிதாபுகளை வாங்கிப் பாருங்கள். ஐந்திலும் ஒரே இடத்தில் வெற்றிடம் இருந்தால் ஆசிரியர் அங்கே வேகமாக ஓடிவிட்டார். ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் வெற்றிடம் என்றால் பிள்ளைகள் தூங்கியிருக்கிறார்கள். அதற்கு உஸ்தாதைவிட விடுதியின் தூக்க நேரம்தான் காரணமாக இருக்கும். பொருள் இருக்கிறது, மீமும் காவும் இல்லை என்றால் பிள்ளைகள் சொல்லை எழுதுகிறார்கள், வாக்கியம் புரியவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் இவ்வளவும் தெரிந்துவிடும்.

சொரொகானில் மாணவர் தனித்தனியாக உஸ்தாத் முன் உட்கார்ந்து தானே வாசித்துக் காட்டுவார். இங்கே கடிகாரம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் இருபது பேர் என்றால் ஒருவருக்கு மூன்று நிமிடம். முதல் ஐந்து பேருக்கு ஆறு நிமிடமும் கடைசி ஐந்து பேருக்கு ஒரு நிமிடமும் போயிருக்கும். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: மாணவர் பிழையாக வாசித்தால் உஸ்தாத் உடனே திருத்துகிறாரா, அல்லது விரலால் தட்டிவிட்டுக் காத்திருக்கிறாரா? காத்திருக்கிறவர் நல்ல உஸ்தாத்.

ஹிஃப்ளு வகுப்பில் மனப்பாடம் ஒப்பிப்பதைக் கேட்கும் உஸ்தாதுக்குப் பத்தாவது பிள்ளைக்குப் பிறகு காது களைத்துவிடும். இதற்கு மேற்பார்வையாளரே தேவையில்லை. மாதத்துக்கு ஒருமுறை இரண்டு உஸ்தாதுகள் தங்கள் பிள்ளைகளை மாற்றிக்கொண்டு கேட்கட்டும். மற்றவருடைய பிள்ளையின் தஜ்வீதில் தெரிகிற பிழை தன் பிள்ளையிடம் தெரியாமல் போயிருக்கும். அன்று மாலை இருவரும் தேநீர் குடித்துக்கொண்டே பேசிக்கொள்வதுதான் கூட்டு மேற்பார்வையின் மிக எளிய வடிவம்.

மேசை போட்ட வகுப்பு என்றால் இருக்கைப் படம் ஒன்று வரைந்துகொண்டு, உஸ்தாத் யாரிடம் கேள்வி கேட்கிறாரோ அந்த இடத்தில் புள்ளி வையுங்கள். வேறு எதுவும் எழுதவேண்டாம். ‘நன்று’, ‘சுமார்’, ‘ஆர்வம் குறைவு’ போன்ற சொற்கள் அந்தத் தாளில் வரவே கூடாது. புள்ளியோடு யாரும் சண்டை போடமுடியாது.

விடுதி இரவு வேறு சங்கதி. அங்கே திடீர்ச் சோதனை போடாதீர்கள். உஸ்தாதோடு சேர்ந்து சுற்றுங்கள். தூங்குகிற பிள்ளையை எப்படி எழுப்புகிறார், காய்ச்சல் என்று படுத்திருப்பவனிடம் என்ன கேட்கிறார், வீட்டு ஞாபகத்தில் அழுகிற புதுப்பையன் எத்தனை நாளாக அழுகிறான் என்று அவருக்குத் தெரியுமா என்று கவனியுங்கள். தண்டனைக்குத் தனிப் பேரேடு வேண்டும்: யாருக்கு, எதற்கு, என்ன தண்டனை, கொடுத்தவர் யார், எந்தத் தேதி. பேரேட்டில் எழுத வெட்கப்படும் தண்டனையைக் கொடுக்கக்கூடாது என்பது விதி.

பேச்சு

பின்பேச்சு அன்றே நடக்கவேண்டும். அஸருக்குப் பிறகு நல்ல நேரம். பள்ளிவாசல் வராந்தா வேண்டாம், கியாய் வீட்டுத் திண்ணை கூடவே கூடாது. நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்ட பையனாக இருந்தாலும் அந்த அறையில் அவர் ‘உஸ்தாத்’, ‘நீங்கள்’. இருவரும் ஒரே மட்டத்தில் உட்காருங்கள். ஒருவர் நாற்காலியிலும் ஒருவர் பாயிலும் இருந்தால் பேச்சு ஏற்கெனவே முடிந்துவிட்டது. முதலில் பேசவேண்டியவர் பாடம் நடத்தியவர். ஒரு மாதிரி தருகிறேன்:

“உஸ்தாத், இன்னிக்குப் பாடத்துல எந்த இடம் நல்லா வந்ததா உங்களுக்குத் தோணுது?”

“முப்ததா, கபர் உதாரணம் சொன்ன இடம். பசங்க சட்டுனு பிடிச்சுக்கிட்டாங்க.”

“யார் யார் பிடிச்சாங்கன்னு இந்தப் படத்துல பாருங்களேன்.”

“எல்லாப் புள்ளியும் முன்னாடியே இருக்கு.”

“பின்னாடி மூணு வரிசை?”

“அவங்ககிட்ட கேட்டா பதில் வர நேரமாகும் உஸ்தாத். ஷஃபானுக்குள்ள கிதாபை முடிச்சாகணுமே.”

“அந்தக் கெடுவை வச்சது யாரு?”

“நீங்கதான்.”

கவனித்தீர்களா, பேச்சு இங்கே திரும்புகிறது. மரபான பெசந்த்ரெனின் கல்வியாண்டு ஷவ்வாலில் தொடங்கி ஷஃபானில் முடியும். ரமழானுக்குமுன் கிதாபை முடித்துவிடவேண்டும் என்ற அவசரம் எல்லா வகுப்பையும் துரத்துகிறது. அந்தக் கெடு மேற்பார்வையாளர் வைத்தது. இளைய உஸ்தாத் அதை வாய்விட்டுச் சொல்ல முடிந்ததுதான் இந்தப் பேச்சின் வெற்றி. இப்போது மேற்பார்வையாளர் முகம் சுளித்தால் அடுத்த மூன்று வருடத்துக்கு அந்த வாய் திறக்காது. ‘சரி, அதை நான் பார்க்கிறேன்’ என்றால் வழி பிறக்கும். உடன்பாட்டைக் காகிதத்தில் இரண்டு வரியாக எழுதுங்கள்: உஸ்தாத் இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு பாடத்திலும் பின்வரிசையில் மூன்று கேள்வி கேட்பார், மேற்பார்வையாளர் கிதாபின் கடைசிப் பாடத்தை அடுத்த ஆண்டுக்கு நகர்த்தக் கியாயிடம் பேசுவார். இரண்டாவது வரி காலியாக இருந்தால் நடந்தது கூட்டு மேற்பார்வை இல்லை, பழைய கண்டிப்புதான்.

பேசாத மஷூரா

‘எங்களிடம் வாரந்தோறும் மஷூரா உண்டு’ என்று எல்லா நிறுவனமும் சொல்லும். கொந்தோரில் வியாழக்கிழமைதோறும் ஆசிரியர்கள் கூடுகிற வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. மறுநாள் வெள்ளி விடுமுறை. கூடுவது வேறு, பேசுவது வேறு. ஜாவாக்காரர்களுக்குப் பெரியவர் முன் எதிர்த்துப் பேசுவதில் உள்ள கூச்சம் நமக்கும் புதிதன்று. பெசந்த்ரெனில் அதோடு இன்னொன்று சேர்கிறது. உஸ்தாதின் மனம் நொந்தால் கற்ற கல்வியின் பரக்கத்து போய்விடும் என்ற அச்சம். இந்த அச்சத்தைக் கேலி செய்கிற நவீனக் கல்வியாளர்களின் பயிற்சி முகாம்கள் பெசந்த்ரெனில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. அதபை எதிரியாக்கி உள்ளே நுழைய முடியாது.

நுழையத் தேவையும் இல்லை. ஏனென்றால் பெசந்த்ரெனுக்குள்ளேயே ஒரு திறந்த வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. பஹ்துல் மஸாயில் என்ற ஃபிக்ஹு விவாத அவையில் இருபது வயது மாணவர் ஒரு கிதாபின் வரியை எடுத்துப்போட்டு மூத்தவரின் கருத்தை மறுப்பார். அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுப்பதில்லை. கெதிரியில் 1910-இல் தொடங்கிய லிர்போயோ போன்ற இடங்கள் இதற்குப் பேர்போனவை. அந்த அவைக்கு ஒழுங்கு உண்டு. கேள்வி முன்கூட்டியே எழுத்தில் வரும். கேள்வியில் சம்பவம் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. நடத்துநர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர், முடிவை வாசகமாக்குகிறவர்கள் சிலர், கடைசியில் சரிபார்த்து ஒப்புதல் தரும் மூத்தவர்கள். மூத்தவர்கள் கடைசியில்தான் பேசுவார்கள்.

ஆசிரியர் கூட்டத்தை இதே வடிவத்தில் நடத்துங்கள். இரண்டு நாள் முன்பே கேள்வி எழுத்தில் சுற்றட்டும்: ‘சொரொகானில் கடைசியில் வரும் மாணவர்களுக்கு நேரம் போதவில்லை, உஸ்தாத் என்ன செய்யலாம்?’ பெயர் வேண்டாம். இளையவர் முதலில் பேசட்டும். கியாய் கடைசி அரைமணி நேரத்துக்கு வந்தால் போதும். முடிவைக் கேட்டு, ஒப்புக்கொண்டோ திருப்பியனுப்பியோ காரணம் சொல்லட்டும். பஹ்துல் மஸாயிலில் வளர்ந்த எந்த உஸ்தாதுக்கும் இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இதுவரை அந்த மேசையில் நோன்பும் வியாபாரமும் மட்டுமே கேள்வியாக வந்தன. கற்பித்தலையும் அங்கே வையுங்கள்.

பெயரில்லாப் புகார்ப்பெட்டி வைக்கலாமா என்று கேட்பார்கள். ஆசிரியர்களுக்குள் வேண்டாம். பெயர் போடாத காகிதம் ஊர்வம்பாக முடியும். யார் எழுதியது என்று கண்டுபிடிப்பதிலேயே ஒரு மாதம் போய்விடும். மாணவர்களுக்கு மட்டும் அவசியம் வையுங்கள். அதைத் திறக்கும் சாவி விடுதிப் பொறுப்பாளரிடம் இருக்கக்கூடாது.

இனி எல்லாரும் தவிர்க்கும் கேள்வி: கியாயின் மகனை யார் மேற்பார்வை செய்வது? ஜாவாவில் அவரை ‘குஸ்’ என்று மரியாதையோடு அழைப்பார்கள். வயது இருபதானாலும் அறுபது வயது உஸ்தாத் அவருக்கு வழிவிடுவார். அவர் பாடத்துக்குத் தாமதமாக வந்தாலும் வராமலே போனாலும் வருகைப் பதிவேட்டில் ‘வருகை’ என்றே இருக்கும். மேற்பார்வையை அவருடைய வகுப்பிலிருந்து தொடங்குங்கள். கியாய் தாமே அவையில் சொல்லவேண்டும்: ‘முதல் வாரம் என் மகனின் வகுப்பைப் பாருங்கள், இருக்கைப் படத்தை எல்லார் முன்னும் வையுங்கள்.’ இதற்குக் கியாய் ஒப்பவில்லை என்றால் மீதி ஏற்பாடுகளில் நேரம் செலவழிக்காதீர்கள். உஸ்தாதுகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பெண்கள் பகுதியில் கியாயின் மனைவி ஞாயி, மூத்த உஸ்தாதாக்கள் ஆகியோரே மேற்பார்வையாளர்கள். அதில் சிக்கல் குறைவு. சிக்கல் வருவது தகவல் மேலே போகும்போது. உஸ்தாதா சொன்னது ஞாயிக்கு, ஞாயி சொன்னது கியாய்க்கு, கியாய் சொன்னது கூட்டத்துக்கு என்று போவதற்குள் கேள்வியின் கூர் மழுங்கிவிடும். உஸ்தாதாக்களின் குறிப்பேடு அப்படியே, அவர்கள் எழுதிய வாசகத்திலேயே, பொதுக்கூட்டத்துக்கு வரட்டும். திரைக்கு அப்பாலிருந்து அவர்களே வாசித்தால் இன்னும் நல்லது.

இரகசியத்தின் எல்லை

பின்பேச்சில் வந்தது வெளியே போகாது என்று மேற்பார்வையாளர் வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கு கற்பித்தலுக்கு மட்டும். ஒரு பிள்ளையின் உடலுக்கோ மானத்துக்கோ தீங்கு நடந்ததாகக் காதில் விழுந்தால் அந்த நிமிடமே வாக்கு செல்லாது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் துரோகமாகத் தெரியும்.

கொந்தோரின் இஃதாதையும் நக்தையும் மேலே பாராட்டினேன். அதே கொந்தோரில் 2022 ஆகஸ்டில் மூத்த மாணவர்களின் தாக்குதலில் ஒரு மாணவர் இறந்தார். குடும்பத்துக்கு முதலில் சொல்லப்பட்ட காரணம் வேறு. தாய் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பிய பிறகு, செப்டம்பரில் நிறுவனம் வன்முறை நடந்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. வகுப்பறையை இத்தனை ஒழுங்காகக் கவனிக்கும் இடத்திலும் மாணவர் மீது மாணவருக்குக் கொடுத்த அதிகாரத்தை அதே கண்ணோடு பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கடுமையான பாடம் தேவையில்லை. மூத்த மாணவர்களை ஒழுங்கு காக்க நியமிப்பது பெசந்த்ரென்களில் பொது வழக்கம். ஆகவே தண்டனைப் பேரேடு அவர்களுக்கும் உண்டு. வாரந்தோறும் மேற்பார்வையாளர் அதை அவர்களோடு உட்கார்ந்து வாசிக்கவேண்டும்.

அதே 2022 அக்டோபரில் இந்தோனேசிய மத விவகார அமைச்சகம் தன் கீழுள்ள கல்வி நிறுவனங்களில் பாலியல் வன்முறையைத் தடுப்பதற்கும் கையாள்வதற்கும் 73-ஆம் எண் ஒழுங்குவிதியை வெளியிட்டது. பெசந்த்ரென்களும் அதற்குள் வருகின்றன. 2019-இன் சட்டப்படி கல்வித் தரத்தை உள்ளிருந்து காக்க ஒவ்வொரு பெசந்த்ரெனிலும் தேவான் மஷாயிக் என்ற குழுவும், நாட்டளவில் மஜ்லிஸ் மஷாயிக் என்ற அமைப்பும் உண்டு. மேற்பார்வையாளரின் குறிப்புகள் போய்ச்சேர ஒரு சட்டபூர்வமான இடம் இப்போது இருக்கிறது என்பது இதன் பயன். தீங்கு நடந்தால் அந்த இடமும் போதாது. காவல்துறைக்கும் பெற்றோருக்கும் அன்றே சொல்லவேண்டும். ‘மதரஸாவின் பெயர் கெட்டுவிடும்’ என்று ஒரு நாள் தாமதித்தால் பெயர் கெடுவது நிச்சயம்.

பெற்றோரோடு பேசுவதற்கு வாட்ஸ்ஆப் குழு போதுமென்று பலர் நினைக்கிறார்கள். அதில் பரிசு வாங்கிய படம் வரும், கட்டண நினைவூட்டல் வரும். பிள்ளை தூங்கவில்லை என்பது வராது. விடுதி உஸ்தாத் மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து நிமிடம் தொலைபேசட்டும். இருபது பிள்ளைகளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் போலத்தான் ஆகும். ‘வீட்டில் பேசும்போது உங்கள் பிள்ளை எங்களைப் பற்றி என்ன சொல்கிறான்?’ என்ற கேள்வியை விடாமல் கேட்கவேண்டும். அந்தப் பதில்கள் மேற்பார்வையாளரின் நோட்டுக்குப் போகவேண்டும்.

நேரம்

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காலை முதல் இரவு வரை உழைக்கும் உஸ்தாதின் தலையில் ‘மேற்பார்வை’ என்ற இன்னொரு மூட்டையை ஏற்றினால் அவர் இரண்டு வாரம் செய்வார், பிறகு படிவத்தை மட்டும் நிரப்புவார். மேற்பார்வையாளராக நியமிக்கும் ஒவ்வொருவரின் பாடவேளையிலும் வாரத்துக்கு நான்கைக் குறைக்கவேண்டும். ஐந்து பேரை மாதம் ஒருமுறை பார்க்க, முன்பேச்சும் பின்பேச்சும் சேர்த்து அதுவே போதும். குறைத்த வேளைகளை யார் எடுப்பது என்பது பணச் செலவு. அதைக் கியாயும் நிர்வாகமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். ஒப்பாவிட்டால் ஐந்து பேரை இரண்டாகக் குறைத்துத் தொடங்குங்கள், தொடங்காமல் இருக்காதீர்கள்.

அடுத்த ஷவ்வாலுக்குக் கால அட்டவணை போடும்போது இந்தப் பேச்சு நேரங்களை முதலில் எழுதுங்கள். பாடங்களை அப்புறம் நிரப்பிக்கொள்ளுங்கள்.